சிபில் 668, ஊட்டி டாக்ஸி: டீசல் கார்டா, ஷாப்பிங் கார்டா, எஃப்டி கார்டா?

கல்லட்டி36
திங்கள், இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். 2019ல் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கடன் போட்டுப் புது வண்டி எடுத்தேன். அடுத்த மார்ச்சில் ஊரே பூட்டிக்கிடந்தது. சீசன் போச்சு, மலர்க் கண்காட்சி நடக்கவில்லை, சேரிங்கிராஸ் நடுரோட்டில் நாய் படுத்துத் தூங்கியது. ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கேட்கவில்லை, வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. அதற்குப் பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. 2022ல் வண்டியை விற்று, வந்ததைக் கொடுத்து, மீதி 41,000 ரூபாயைத் தள்ளுபடி செய்யச் சொல்லி செட்டில்மென்ட் முடித்தேன். தொல்லை விட்டது என்று அன்றைக்குக் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டோம்.

இப்போது ஓட்டுவது வீட்டம்மா நகையை வங்கியில் வைத்து வாங்கிய பழைய வண்டி. சிபில் ஸ்கோர், அதாவது கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று காட்டும் எண், அன்றைக்கு 589, இன்றைக்கு 668. கார்டுக்கு இரண்டு இடத்தில் கேட்டேன், இரண்டிலும் இல்லை என்றுவிட்டார்கள்.

சீசனில் டீசல் மாதம் 15,000 ஆகும், மழை மாதங்களில் அதில் பாதி. ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு எந்த வாரம் கூட்டம், எந்த வாரம் காலி என்று சொல்லவே முடியவில்லை. வீட்டில் ஆன்லைனில் 3,000 வரை வாங்குவார்கள். ஸ்டாண்டில் ஒரு அண்ணன் பெட்ரோல் பங்க் கார்டு வைத்திருக்கிறார், 4 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது என்கிறார். மச்சான் ஷாப்பிங் கார்டுதான் லாபம் என்கிறான். வங்கியில் உட்கார்ந்திருக்கும் மேடமோ, 25,000 ஃபிக்சட் டெபாசிட் (எஃப்டி) போடுங்கள், அதன் பேரில் கார்டு தருகிறோம் என்கிறார். என் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு எனக்கே கடனா? மூன்றில் எதற்கு விண்ணப்பிக்கலாம்?


கோத்தகிரி வைஃபை
திங்கள், இரவு 11:35

அண்ணா, இது என் ஏரியா. கார்டு கணக்கு போடுவது எனக்குப் பொழுதுபோக்கு, வீட்டில் திட்டு வாங்குவதும் அதற்காகத்தான்.

ஸ்டாண்டு அண்ணன் சொல்வது பிபிசிஎல் எஸ்பிஐ கார்டாக இருக்கும். அந்த 4.25 சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள். பாரத் பெட்ரோலியம் பங்கில் 100 ரூபாய்க்கு 13 புள்ளி, நான்கு புள்ளி ஒரு ரூபாய். ஆக 3.25. மீதி 1 சதவீதம் சர்சார்ஜ், அதாவது கார்டு தேய்த்தால் பங்கில் சேரும் கூடுதல் கட்டணம், அதன் தள்ளுபடி. ரொக்கம் கொடுத்தால் அந்தச் சர்சார்ஜே கிடையாதே! கார்டு தேய்ப்பதால் வரும் செலவை அவர்களே திருப்பித் தந்துவிட்டு அதையும் லாபத்தில் எழுதிக்கொள்கிறார்கள். இன்னொன்று, ஒரு பில் காலத்தில் 1,300 புள்ளிதான் உச்சம். அதாவது 10,000 ரூபாய் டீசலோடு சரி, உங்களுடைய அடுத்த 5,000க்கு அந்த அதிகப் புள்ளி கிடையாது. மாதம் 325 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 499, ஜிஎஸ்டியோடு 589. மழை மாதங்களையும் கழித்தால் வருடத்துக்கு 2,500 நின்றால் பெரிது. அதுவும் நீங்கள் போகும் வழியில் அந்தக் கம்பெனி பங்க் இருந்தால்.

ஆன்லைனுக்கு என்றால் எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு, எந்தத் தளமானாலும் 5 சதவீதம், கட்டணம் 999. அமேசான் மட்டும்தான் என்றால் ஐசிஐசிஐ அமேசான் பே, கட்டணமே இல்லை, அமேசானின் ப்ரைம் சந்தா இருந்தால் 5, இல்லாவிட்டால் 3. மாதம் 3,000க்கு வாங்குகிறவருக்கு 999 கட்டணம் போட்டு கேஷ்பேக் கார்டு எதற்கு? எனவே என் ஓட்டு அமேசான் பே.


சேரிங்கிராஸ் கடை
செவ்வாய், காலை 6:50

வைஃபை தம்பி, பெண் பார்க்கப் போகும் முன்பே பந்திக்கு இலை போடுகிறாய். அவருக்கு எந்தக் கார்டு லாபம் என்பது இருக்கட்டும், எந்தக் கார்டு கிடைக்கும்? இரண்டு பேர் கதவைச் சாத்தியாச்சு.


ரிட்டயர்டு கேஷியர், குன்னூர்
செவ்வாய், காலை 9:20

கடைக்காரர் சொன்னதுதான் சரி. கல்லட்டி சார், முதல் வேலையாக விண்ணப்பம் போடுவதை நிறுத்துங்கள். நீங்கள் ஒரு கார்டுக்குக் கேட்டதும் அந்த வங்கி உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பார்க்கும். அந்தப் பார்வை 'என்கொயரி' என்று பதிவாகும். மூன்று மாதத்தில் நான்கைந்து என்கொயரி இருந்தால், அடுத்து பார்க்கிற அதிகாரி 'இவர் பணத்துக்கு அலைகிறார்' என்று ஒரே நொடியில் முடிவு கட்டிவிடுவார். நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் முப்பது வருடம் இருந்தவன்.

இரண்டாவது, ஸ்கோரை மட்டும் பார்த்துப் பயனில்லை, முழு அறிக்கையை எடுங்கள். நாட்டில் இந்த அறிக்கை தரும் நான்கு நிறுவனங்கள் உண்டு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை ஸ்கோரோடு இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது.

அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே சின்னச் சின்னக் கட்டங்களாக 36 மாதம் இருக்கும். 000 என்றால் அந்த மாதம் சுத்தம். 030, 060 என்றால் அத்தனை நாள் தாமதம். அந்தக் கட்டங்களைத்தான் வங்கிக்காரன் முதலில் பார்ப்பான். அப்புறம் கணக்கின் நிலை. 'குளோஸ்டு' என்றால் முழுக்கக் கட்டி முடித்தது. 'செட்டில்டு' என்றால் பேசிக் குறைத்துக் கட்டியது. நீங்கள் பிரியாணி சாப்பிட்ட அன்று உங்கள் கணக்கில் விழுந்தது இரண்டாவது.

மூன்றாவது, என் பணத்திலேயே எனக்குக் கடனா என்று கேட்டீர்கள். ஆமாம். ஆனால் டெபாசிட்டுக்கு வட்டி உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். டெபாசிட்டில் 80, 90 சதவீதம் கார்டு லிமிட்டாகத் தருவார்கள். வருமானச் சான்றிதழ், சம்பள ரசீது என்று குடைய மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் பணம் பத்திரம். முக்கியமானது இது: அறிக்கையில் மற்ற கார்டுகளைப் போலவே இதற்கும் மாதாமாதம் ஒரு கட்டம் நிரம்பும். 25,000 போட்டு நீங்கள் வாங்குவது கார்டு இல்லை, மாதத்துக்கு ஒரு 000. எஸ்பிஐயில் உன்னதி என்று ஒன்று உண்டு, 25,000 டெபாசிட், முதல் நான்கு வருடம் கட்டணம் இல்லை. மற்ற வங்கிகளிலும் இருக்கிறது. நகை வைத்திருக்கும் கிளையிலேயே கேளுங்கள்.

கட்டாமல் விட்டால் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள், போகட்டும் என்று நினைக்க வேண்டாம். பிடிப்பதற்கு முன்பே தாமதத்தை அறிக்கையில் எழுதியிருப்பார்கள்.


பசுந்தேயிலை
செவ்வாய், மதியம் 1:05

மஞ்சூர் பக்கம், ஒன்றரை ஏக்கர் தேயிலை. கார்டு எது என்பதைவிட தேதி எது என்று கேளுங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

எஃப்டி கார்டுதான் நானும் வாங்கினேன். டியூ தேதி, அதாவது பில் கட்டக் கடைசி நாள், ஐந்து. எனக்கு ஃபேக்டரியிலிருந்து இலைப் பணம் வருவது பத்துக்கு மேல், சில மாதம் பதினைந்து. வாங்கும்போது இது மண்டையில் ஏறவில்லை. ஏழெட்டு மாதம் எங்கேயோ புரட்டிக் கட்டிவிட்டேன். ஒரு ஜூலையில் புரட்டவும் முடிந்தது, கையில் பணமும் இருந்தது, ஆனால் ஓடிபி வரவில்லை. எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், மழை வலுத்தால் டவர் படுத்துவிடும். மேல் தோட்டத்தில் ஒரு சில்வர் ஓக் மரம், அதன் அடியில் நின்றால் இரண்டு கோடு வரும். குடையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஓடிபி வந்தது. விரல் ஈரத்தில் போன் தொடுதிரை நான் தொட்ட எண்ணை எடுக்காமல் வேறு எண்ணை எடுக்கிறது. சட்டையில் துடைத்தேன், சட்டையும் ஈரம். மூன்றாவது தடவை சரியாக அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. காலில் அட்டை ஏறியதுதான் மிச்சம். கரண்டும் போய், போன் சார்ஜும் போய், கட்டி முடிக்க ஆறு நாள் தாமதம்.

டியூ தேதி தாண்டி மூன்று நாள் வரை தாமதம் என்று எழுதக்கூடாது, அபராதமும் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எனக்கு ஆறு நாள். அபராதம், வட்டி, இரண்டுக்கும் ஜிஎஸ்டி, அறிக்கையில் ஒரு கறை. அத்தனை மாதம் சேர்த்த புள்ளி எல்லாம் அந்த ஒரு பில்லில் போய்விட்டது.

பில் தேதியை ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்டு, டியூ தேதி இருபதுக்கு மேல் வருகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். ஆட்டோபேயும் போட்டாச்சு. இப்போது மரத்தடிக்கு இலை கிள்ள மட்டும்தான் போகிறேன்.


கோத்தகிரி வைஃபை
செவ்வாய், மதியம் 1:40

தேயிலை அண்ணா, அந்த விரல் ஈரம் வலிக்கிறது. ஆட்டோபே போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 'மினிமம் டியூ' (குறைந்தபட்சம் கட்ட வேண்டியது), 'டோட்டல் டியூ' (முழு பில்) என்று இரண்டு இருக்கும். டோட்டலைத் தேர்ந்தெடுங்கள். கணக்கில் பணமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பவுன்ஸ் கட்டணம் தனி.


கல்லட்டி36
புதன், இரவு 9:55

கேஷியர் சார், நான்கு அறிக்கையையும் எடுத்தேன். தலை சுற்றுகிறது.

சிபிலில் பழைய வண்டிக் கடன் 'செட்டில்டு', பாக்கி பூஜ்யம். இன்னொன்றில் அதே கடன் 'ரிட்டன் ஆஃப்' (வராக் கடன் என்று எழுதித் தள்ளியது), பாக்கி 41,000 என்று இன்னும் நிற்கிறது. செட்டில்மென்ட் கடிதம் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது, நல்லவேளை.

என்கொயரி ஐந்து. நான் கேட்டது இரண்டுதான்! மீதி மூன்றும் ஒரே நாள். யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு பைக்காராவில் கஸ்டமருக்காகக் காத்திருந்தபோது 'இலவச ஸ்கோர்' என்று ஒரு ஆப் போட்டேன். கீழே 'உங்களுக்கு முன்பே அனுமதிக்கப்பட்ட சலுகை' என்று பச்சைப் பொத்தான். அமுக்கினேன். அவ்வளவுதான் செய்தேன்.

நகைக்கடனும் அறிக்கையில் இருக்கிறது. அதில் எல்லாக் கட்டமும் 000. அதைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் நிம்மதி.


ரிட்டயர்டு கேஷியர், குன்னூர்
வியாழன், காலை 8:45

ஸ்கோர் பார்ப்பது இலவசம், பச்சைப் பொத்தான்தான் விலை. போனது போகட்டும்.

'ரிட்டன் ஆஃப்' தவறு, அதை இப்போதே திருத்த வேண்டும். அந்த அறிக்கை நிறுவனத்தின் தளத்தில் 'டிஸ்ப்யூட்' பகுதியில் புகார் போடுங்கள், கடிதத்தைப் படம் எடுத்து இணையுங்கள். பைனான்ஸ் கம்பெனிக்கும் தனியாக எழுதுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம், பேசியதற்கு ஆதாரம் இருக்காது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. அப்படியும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போடலாம், ஒரு பைசா செலவில்லை.

இன்னொரு யோசனை. தள்ளுபடி செய்த 41,000ஐயும் இப்போது கட்டிவிடத் தயார் என்று கம்பெனியிடம் கேட்டால், 'செட்டில்டு' என்பதை 'குளோஸ்டு' ஆக்கித் தரக்கூடும். ஒப்புக்கொள்வது அவர்கள் விருப்பம். ஆக்கித் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.


பசுந்தேயிலை
வியாழன், காலை 10:30

கேஷியர் சார், மன்னிக்கவும், இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பெனியே விட்டுக்கொடுத்த பணம். மூன்று வருடம் கழித்து வலியப் போய்க் கொடுப்பதா? 41,000 ரூபாய்க்கு எத்தனை மூட்டை இலை கிள்ள வேண்டும் தெரியுமா? கிலோ இருபது ரூபாயைத் தொடாத மாதமெல்லாம் பார்த்திருக்கிறோம்.


ரிட்டயர்டு கேஷியர், குன்னூர்
வியாழன், காலை 11:10

கோபம் நியாயம்தான். கார்டுக்காக என்றால் நானும் கட்டச் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக் கடனோ புது வண்டிக் கடனோ கேட்கப் போகிறார் என்றால் கணக்கு மாறும். பெரிய கடனில் அரை சதவீத வட்டி வித்தியாசம் வந்தாலே இந்தப் பணம் வந்துவிடும், 'செட்டில்டு' என்ற ஒரு சொல்லுக்காகவே கோப்பை மூடி வைப்பதும் நடக்கும். அவருக்கு என்ன திட்டம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.


வர்க்கி அக்கா, கேத்தி
வியாழன், மாலை 4:20

எல்லோரும் கல்லட்டித் தம்பியின் கடனையே பார்க்கிறீர்கள். தம்பி, உங்கள் பெயரில் யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறீர்களா? அதையும் அறிக்கையில் தேடுங்கள். என் தம்பி கடைக்குக் கடன் வாங்கினான், அக்கா ஒரு கையெழுத்து என்றான், போட்டேன். அவன் நான்கு தவணை தவறினான், எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. நான் மகளிர் குழுவில் ஒரு நாள் தவறாமல் கட்டுகிறவள். அடுப்பும் மாவு பிசையும் மெஷினும் வாங்க லோன் கேட்கப் போன இடத்தில்தான் தெரிந்தது, என் ஸ்கோர் விழுந்து கிடப்பது. ஜாமீன் போட்டவர் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறும், யாரும் சொல்வதில்லை.

கார்டு விஷயத்தில் என் அனுபவம்: எஃப்டி கார்டு வாங்குவதானால் விசா, மாஸ்டர் இல்லாமல் நம் நாட்டு ரூபே கார்டு தருகிறார்களா என்று கேளுங்கள். ரூபே என்றால் யூபிஐயில் இணைக்கலாம். குன்னூர் மார்க்கெட்டில் கார்டு மெஷின் எத்தனை கடையில் இருக்கிறது? ஸ்கேன் அட்டை எல்லாக் கடையிலும் தொங்குகிறது. மைதா, டால்டா, சர்க்கரை எல்லாம் அப்படித்தான் வாங்குகிறேன்.

ஒரு ஆபத்தும் உண்டு. ஸ்கேன் பண்ணும்போது அது கடன் என்ற நினைப்பே வராது. டீக்கு ஸ்கேன், பஜ்ஜிக்கு ஸ்கேன், பில் வரும்போதுதான் வயிறு கலங்கும். நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், கல்லாவுக்குப் பக்கத்தில்.


சேரிங்கிராஸ் கடை
வியாழன், இரவு 8:00

அக்கா சொன்னதோடு ஒன்று. ரூபே கிரெடிட் கார்டு வியாபாரிக் கணக்கு ஸ்கேனில்தான் ஓடும். ரோட்டோரத்தில் கேரட் விற்கிற அம்மாவின் சொந்தக் கணக்கு ஸ்கேனில் ஓடாது, ஆளுக்கு ஆள் அனுப்பவும் முடியாது. ஓடவில்லை என்று அந்த அம்மாவிடம் சண்டை போடாதீர்கள், நேற்று என் கடை வாசலில் ஒருவர் போட்டார்.


கோத்தகிரி வைஃபை
வியாழன், இரவு 10:50

முதல் பதிவில் அவசரப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இப்போது சரியான கணக்கு போடுகிறேன்.

மாதம் 12,000 கார்டில் செலவு, 1 சதவீதம் திரும்புகிறது என்று வையுங்கள். மாதம் 120. ஒரு மாதம் முழுசாகக் கட்டாமல் மினிமம் மட்டும் கட்டினால் வட்டி மாதம் 3.5 சதவீதத்துக்குக் குறையாமல் போடுகிற கார்டுகள்தான் அதிகம். தோராயமாக 420, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 75.60. மொத்தம் 495.60. நான்கு மாதப் புள்ளி ஒரே மாதத்தில் காலி. உண்மையில் இன்னும் கூடும், ஏனென்றால் முழுசாகக் கட்டாத மாதத்தில் வட்டி டியூ தேதியிலிருந்து இல்லை, டீசல் போட்ட நாளிலிருந்து ஓடும். அடுத்த மாதம் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாள் கிடைக்காது. கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுத்தால் எடுத்த நிமிடத்திலிருந்தே வட்டி, கட்டணம் தனி.

அடுத்த சிக்கல் லிமிட். 25,000 டெபாசிட், 20,000 லிமிட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15,000க்கு டீசல் போட்டால் முக்கால்வாசி லிமிட் தின்றாச்சு. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், அதாவது 6,000. வழி ஒன்று: டீசலில் பாதிக்கும் குறைவாகக் கார்டில் போடுவது. வழி இரண்டு: பில் வருவதற்கு முன்பே கட்டிவிடுவது. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும், முன்பு மாதம் ஒருமுறை. எனவே நடுவில் கட்டினால் சீக்கிரமே பதிவில் தெரியும்.

புள்ளி ஆசைக்கு ஒரு வருடம் லீவு. 12 கட்டம் 000 ஆன பிறகு வாருங்கள், பிபிசிஎல்லா அமேசானா என்று மறுபடி சண்டை போடலாம், நான் எக்செல் தயாராக வைத்திருக்கிறேன்.


சேரிங்கிராஸ் கடை
வெள்ளி, காலை 7:05

நடுவில் கட்டுவது நல்ல யோசனை. டாக்ஸிக்காரருக்குப் பணம் கையில் நிற்பது ஞாயிறு ராத்திரி. திங்கட்கிழமை காலையில் தண்டல்காரனுக்குக் கட்டுகிற மாதிரி கார்டுக்குக் கட்டிவிட்டால் மாதக் கடைசியில் பில்லே இருக்காது. தண்டலுக்கு பயப்படுகிற நாம் கார்டுக்கு பயப்படுவதில்லை, ஏனென்றால் கார்டு கடை வாசலில் வந்து சத்தம் போடாது.


பூம்பாறை பூண்டு
வெள்ளி, காலை 11:30

கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு குறிப்பு, உங்கள் நீலகிரிக்கும் பொருந்தும். விண்ணப்பத்தில் பின்கோடு போட்டதும் 'உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை' என்று சில கார்டுகள் சொல்லும். ஸ்கோர் 800 இருந்தாலும் அதே பதில்தான், எனக்கு வந்தது. அதனால் ஆன்லைனில் முட்டிப் பார்க்காமல் கணக்கு இருக்கும் கிளையில் நேரே கேளுங்கள். வீடியோ கேஒய்சி (வீடியோ அழைப்பில் ஆள் அடையாளம் சரிபார்ப்பது) என்றால் வெயில் நாளாகப் பார்த்து டவுனுக்குப் போய்ச் செய்யுங்கள். நான் வீட்டில் செய்தபோது ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே வெளிச்சம் இல்லை, முகம் தெரியவில்லை என்று மூன்று தடவை துண்டித்தார்கள். நான்காவது தடவை அந்தப் பெண்ணே, 'சார், டார்ச் இருக்கிறதா?' என்று கேட்டாள்.


கல்லட்டி36
ஞாயிறு, இரவு 11:20

எல்லோருக்கும் நன்றி. முடிவு எடுத்தாச்சு.

நகை வைத்திருக்கும் கிளையிலேயே 25,000 டெபாசிட். வீட்டம்மா சீட்டுப் பணம் 15,000 கொடுத்தாள், மீதி என்னுடையது. ரூபே கார்டு கேட்டேன், இருக்கிறது என்றார்கள். 100க்கு ஒரு புள்ளிதான், பரவாயில்லை. ஹோட்டல்காரர்கள் எனக்குப் பணம் தருவது பத்தாம் தேதி வாக்கில். அதனால் பில் 26, டியூ 15 வருகிற மாதிரி கேட்டிருக்கிறேன். மேடம் சிரித்தார், இதுவரை யாரும் தேதி கேட்டதில்லையாம்.

41,000 விஷயம்: இப்போதைக்கு இல்லை. வண்டி இன்னும் மூன்று வருடம் ஓடும். ஓடாத நிலை வந்தால் அப்போது பேசிக்கொள்கிறேன். தேயிலை அண்ணன் பக்கம் பாதி, கேஷியர் சார் பக்கம் பாதி.

அக்கா, ஜாமீன் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.


கல்லட்டி36
ஏழு வாரம் கழித்து, செவ்வாய், மாலை 6:40

இழையை மேலே கொண்டுவருகிறேன், கேட்டவர்களுக்காக.

கார்டு கொண்டுவந்த முதல் கூரியர் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று திரும்பிவிட்டது. வீட்டில் மூன்று பேர் இருந்தோம், கூரியர்க்காரர் படி ஏறவில்லை, எங்கள் வீட்டுக்கு 84 படி. இரண்டாவது தடவை கிளைக்கே வரவழைத்து வாங்கிக்கொண்டேன்.

'ரிட்டன் ஆஃப்' என்று இருந்தது 24வது நாளில் 'செட்டில்டு' ஆகி, பாக்கி பூஜ்யம் ஆனது. பைனான்ஸ் கம்பெனியிடமிருந்து பதில் கடிதம் எதுவும் வரவில்லை, ஆனால் வேலை நடந்திருக்கிறது.

முதல் பில் காலத்தில் 4,600 செலவு. நான்கு திங்கட்கிழமை கட்டியதில் பில் வந்தபோது பாக்கி 310 ரூபாய். புள்ளி 46. இதற்கு என்ன வரும் என்று வீட்டம்மா கேட்டாள். நான்கு புள்ளிக்கு ஒரு ரூபாய், பதினொன்றரை ரூபாய் என்றேன். அதை வைத்து நகையை மீட்டுவிடலாம் என்றாள்.

கேஷியர் சாருக்கு ஒரு கேள்வி. அந்தப் பில்லைக் கட்டிய பிறகு ஒரு திங்கட்கிழமை தவறுதலாக இரண்டு முறை கட்டிவிட்டேன், கார்டில் 900 ரூபாய் என் பக்கம் கூடுதலாக நிற்கிறது. இதனால் ஏதாவது சிக்கலா?


ரிட்டயர்டு கேஷியர், குன்னூர்
செவ்வாய், இரவு 7:30

சிக்கல் இல்லை. அடுத்த டீசலில் கழிந்துவிடும். திருப்பிக் கேட்டாலும் கணக்குக்குத் தருவார்கள், ஆனால் 900 ரூபாய்க்காக 84 படி இறங்க வேண்டாம்.